அறிகுறியைப் பாருங்கள், அப்புறம் கையை நீட்டுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மழைக்காலக் கோளாறுகள்

வறண்ட மாவட்டம் என்று பேர் வாங்கிவிட்டதால் நம் பக்கத்தில் மழைக்கென்று யாரும் தயாராவதில்லை. ஆனால் இங்கே தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும், கூடவே சித்திரை வைகாசியில் இடியோடு கோடை மழையும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்ளே நகர்ந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. கடற்கரையே இல்லாத ஊரில் ஏரித் தண்ணீர் வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

நான் நல்லம்பள்ளிக்காரன். 12 வருடம் தினமும் சேலத்துக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். மச்சான் பாலக்கோட்டில் வயரிங் வேலை பார்க்கிறார். நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிக் கண்டது இது: ஏதாவது கோளாறு என்றால் நம் கை யோசிக்காமல் ஓர் இடத்துக்குப் போகும். வண்டி நின்றால் சாவிக்கு, கரண்ட் போனால் பிரேக்கருக்கு, பாம்பு கடித்தால் கயிற்றுக்கு. பத்தில் ஏழெட்டு முறை அந்த இடம்தான் தப்பு. அதனால் என்ன தெரிகிறது, கை எங்கே போகக் கூடாது, என்ன செய்யலாம் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தண்ணீரில் இறங்கிய கார் நடுவில் நின்றுவிட்டது

சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் பட்டன் உள்ள வண்டி என்றால் அதையும்தான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மொரப்பூர்ப் பக்கம் ஒரு தரைப்பாலம். மேலே கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு டிராக்டர் சர்வ சாதாரணமாகக் கடந்துபோனது. அதன் சக்கரம் என் வண்டியின் கூரை உயரம் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பாதியில் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. நான் சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு பட்டறையில் இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராடு வாழைத்தண்டு மாதிரி வளைந்திருந்தது. "சாவிய தொடாம இருந்திருந்தா ஏர் ஃபில்டர், ஆயிலோட முடிஞ்சிருக்கும்ணா" என்றார் மெக்கானிக்.

நடப்பது இதுதான். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடுகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றியவுடன் பிஸ்டன் தண்ணீரில் முட்டி ராடு வளைகிறது. டீசல் வண்டியில் அழுத்தம் அதிகம் என்பதால் சேதமும் அதிகம். நின்ற வண்டியைத் திரும்பத் திரும்பக் கிளப்பப் பார்த்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பேச்சு.

ஆகவே வண்டி நின்றால் இக்னிஷனை அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் வண்டியை மறந்துவிட்டு, கண்ணாடியை இறக்கி ஆட்களை வெளியே எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் தள்ளியோ கட்டி இழுத்தோ பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அது வரைக்கும் பேட்டரி கழற்றியே இருக்கட்டும்.

கடப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை போதும். தரைப்பாலத்தின் ஓரக் கற்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கும் ஆளைச் சாய்த்துவிடும். ஓரடி இருந்தால் சின்னக் காரைத் தூக்க ஆரம்பித்துவிடும்.

தண்ணீரைக் கடந்தாயிற்று, ஆனால் பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது

லைனர் நனைந்திருக்கிறது. பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். உரசும் சூட்டில் காய்ந்துவிடும். டிரம் பிரேக் உள்ள பழைய பைக்குகளுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் வேண்டும்.

தொப்பூர் இறக்கத்தில் கருகல் வாசனை, பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது கட்டமேடு தாண்டி இரட்டைப் பாலம் வரைக்கும் இறக்கம் விடாமல் வரும், வளைவும் சேர்ந்து வரும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த பெரிய விபத்துகள் இந்தக் கணவாயில்தான். இரண்டிலும் லாரி முன்னால் போன வண்டிகள் மேல் ஏறியது.

நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனர் சூடாகிப் பிடிப்பு போகும். கூடவே பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சு மாதிரி போவது அதனால்தான். கருகல் வாசனை வருவது முதல் மணி. பெடல் மெத்தென்று போவது இரண்டாவது. மூன்றாவது மணிக்குக் காத்திருக்கக் கூடாது.

வாசனை வந்தவுடனேயே கியரைக் குறையுங்கள். ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, ஒவ்வொன்றாக. இன்ஜின் உறுமட்டும், வேகத்தை அதுதான் பிடிக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வேகம் அடங்கியதும் ஓரத்தில் பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். விரிசல் விடும், வேண்டாம்.

பெடல் அடியோடு உள்ளே போய்விட்டது என்றால் காரில் வேகமாக நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்ப வரலாம். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஹாரனை விடாமல் அடியுங்கள். ஏர் பிரேக் லாரிக்கு இது பொருந்தாது. அங்கே மிதித்து மிதித்து விட்டால் இருக்கிற காற்றும் காலியாகிவிடும்.

நியூட்ரல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது வரும் வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் எரியும். ஆக மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. லாரியில் இன்னொன்றும் சேர்கிறது: ஐட்லிங்கில் கம்ப்ரசர் மெதுவாகத்தான் காற்றை நிரப்பும், நீங்களோ பிரேக்கை மிதித்துக் காற்றைச் செலவழித்துக்கொண்டே வருகிறீர்கள். ஏறும்போது எந்த கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான்.

கார்க்காரர்களுக்கும் ஒன்று. அங்கே லாரிக்கு நேர் முன்னால் புகுந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். உங்கள் பிரேக் நன்றாக இருக்கும், பின்னால் வருவது எப்படி என்று யாருக்குத் தெரியும்? நடுவழியில் உதவி வேண்டும் என்றால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, ஆம்புலன்ஸ் 108.

மழையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது

டயர் ரோட்டைத் தொடவில்லை, தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கில் கால் வைக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள், இரண்டு மூன்று விநாடியில் பிடி திரும்பும். வீட்டுக்கு வந்ததும் டயர் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மேட்டைப் பாருங்கள். பட்டனும் மேடும் சமமாகிவிட்டால் 1.6 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்.

கண்ணாடி மங்குகிறது, ரோடு தெரியவில்லை

விரலால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது: ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிட்டால் மங்கல் கூடும். கோடு விழவில்லை என்றால் வெளிப்பக்கம். வைப்பரைப் போட்டு, ஏ.சி. குளிரைக் குறைத்தால் போதும்.

மார்கழி, தையில் ஓசூர், தளி, சூளகிரிப் பக்கம் காலை பனிமூட்டம் வேறு கதை. ஹைபீம் போட்டால் பனி வெள்ளைச் சுவராகிவிடும், அதனால் லோபீம்தான். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா என்றே தெரியாது, திரும்புவதும் தெரியாது. நின்றால் மட்டும் அதைப் போடுங்கள். நிற்பது என்றால் தார் ரோட்டை விட்டு முழுதாக இறங்கி நிற்க வேண்டும். பனியில் பாதி வண்டி ரோட்டில் நிற்பது போன்ற ஆபத்து வேறில்லை.

ஹெட்லைட் வெளிச்சத்தில் யானை

ராகி முற்றும் மாதங்களில் கர்நாடகத்துப் பன்னேருகட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். ஓசூரை ஒட்டிய சானமாவு, பேரண்டப்பள்ளிப் பக்கம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சாலைகள் எல்லாம் அவற்றின் பாதைதான். இங்கே கை போவது ஹாரனுக்கு, அடுத்தது செல்போன் கேமராவுக்கு. இரண்டும் வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, லோபீமுக்கு மாற்றி, மெல்லப் பின்னால் எடுங்கள். ஒன்று கடந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள், பின்னால் குட்டி இருக்கும், அதற்குப் பின்னால் தாய் இருக்கும்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு: வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. இருட்டில் அந்தக் கம்பிக்கு யானை எது, ஆள் எது என்று தெரியாது.

மழை பெய்தால் ஈ.எல்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது

மேலே தூக்கிவிட்டு, விழுந்தால் மறுபடி தூக்கி, கடைசியில் "இது தொல்லை" என்று அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிடுவது நம் ஊர் வைத்தியம். அந்தப் பெட்டி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுவதற்காகச் செய்தது. விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்.

மச்சான் செய்யும் முறை இது. எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் பிரேக்கர்) கீழே தள்ளுங்கள். இப்போது ஈ.எல்.சி.பி.யைத் தூக்குங்கள். நிற்கிறதா? எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் இருக்கும் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி கேட் விளக்கு, காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி மோட்டார், கொல்லையில் இருக்கும் வாஷிங் மெஷின் இவற்றில் ஒன்றாக இருக்கும். அதை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே நிற்கவில்லை என்றால் வயர்மேன் வரட்டும்.

அந்தப் பெட்டியில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது.

குழாயைத் தொட்டால் ஜிவ்வென்கிறது, துணிக்கம்பி சுள்ளென்கிறது

"லேசாகத்தான் அடிக்குது" என்று இன்னொரு முறை தொட்டுப் பார்க்கும் ஆளை எனக்குத் தெரியும், அது எங்கள் அப்பா. காய்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு, நேராகப் போய் மெயினை அணையுங்கள். வாட்டர் ஹீட்டர் காயில், மோட்டார் பாடி, சுவருக்குள் நனைந்த வயர் இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறது. எர்த் சரியாக இருந்தால் உங்கள் கைக்கு வந்திருக்காது. நம் பக்கத்துப் பாறை மண்ணில் ஒரு கம்பியை இரண்டடிக்கு அடித்து எர்த் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். குழி ஒழுங்காக இருக்கிறதா என்று கேளுங்கள்.

துணி காயப்போட ஜி.ஐ. கம்பி கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அந்தக் கம்பியின் ஒரு முனை ஷெட் தகரத்தில் இருக்கும், தகரத்தின் மேல் சர்வீஸ் வயர் உரசிக்கொண்டிருக்கும். தோல் எப்போது பிய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. மழை நின்றதும் ஈரத் துணியோடு போகிற அம்மாதான் முதலில் தொடுவார். மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் மாடு கட்டுவதும் இதே கணக்குதான்.

யாராவது ஒட்டிக்கொண்டால் அவரைப் பிடித்து இழுக்கப் போகாதீர்கள். முதலில் மெயின். அது எட்டாத தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். தெருக் கம்பி அறுந்து கிடந்தால் அதெல்லாம் வேண்டாம்: பத்து மீட்டருக்கு இப்பாலேயே நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்கு போன் செய்யுங்கள்.

ஒரு பல்பு பளீரென்கிறது, இன்னொன்று மங்குகிறது, ஃபேன் பறக்கிறது

கம்பத்திலோ வீட்டிலோ நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் வரும். ஃப்ரிட்ஜை ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், மெயினை அணையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள்.

கிணற்று மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை

மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் காயில் எரியும். மழையில் நனைந்த ஷெட்டில், வெறும் காலோடு, டார்ச் வெளிச்சத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது மோட்டார் செலவைவிடப் பெரிய செலவில் முடியும். ஒரு ராத்திரி தண்ணீர் பாயவில்லை என்றால் ராகி செத்துவிடாது.

இடி கேட்கிறது, மாந்தோப்பில் இருக்கிறீர்கள்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடியை எண்ணுங்கள். மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். எண்ணிக்கை முப்பது விநாடிக்குள் வந்துவிட்டால் கூரை போட்ட கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விட வேண்டும். காலும் தலையும் மரத்தடிக்குத்தான் இழுக்கும், போகாதீர்கள். பைக்கில் இருந்தால் இறங்கிவிடுங்கள். எங்கேயும் போக வழியில்லை, மயிர் சிலிர்க்கிறது என்றால் இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குத்துக்காலிட்டு உட்காருங்கள், படுக்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். ஆடு மேய்ப்பவர்களுக்கு இது கஷ்டம், தெரியும். ஆட்டை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

கதவு திடீரென்று இறுகிக்கொண்டது, மண் சுவரிலிருந்து பொடி உதிர்கிறது

கதவு மழைக்கு ஊதியிருக்கலாம். ஆனால் நிலை மூலையிலிருந்து சாய்வாகப் புது விரிசலும் போகிறது என்றால் சுவர் இறங்குகிறது. கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுக்காதீர்கள். எல்லோரும் வேறு வீட்டுக்குப் போங்கள். மண் சுவர் மழை பெய்யும்போதுதான் விழும் என்றில்லை, மறுநாள் வெயிலிலும் விழும்.

விடியற்காலையில் வயிற்று வலி, இமையைத் தூக்க முடியவில்லை

தரையில் படுத்திருந்தவர் இப்படிச் சொன்னால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மழைக்கு வீட்டுக்குள் வரும் கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் பல சமயம் தெரியாது. வயிற்று வலி, தொண்டை அடைப்பு, கண் சொருகல், அப்புறம் மூச்சுத் திணறல் என்று வரும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த இடம் தெரிந்தால் அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பாம்பை அடித்துப் பையில் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. மழை மாதங்களில் கட்டிலும் கொசுவலையும் போதும், வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

போர் தண்ணீர் கலங்கி வருகிறது, வாடை அடிக்கிறது

வெள்ளம் மேலே நின்றிருந்தால் சாக்கடையும் உள்ளே போயிருக்கும். குடிப்பதற்கு நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். தொட்டி என்றால் கழுவிவிட்டு, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை ஏறுவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடிக்க மட்டும் இரண்டு குடம் தனியாகப் பிடித்து மூடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கார்த்திகை மாதத்தில் மூன்று குடம்.